எதில் மொண்டு வந்தாய்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போய் தீர்ந்த பேட்டரி, உடைந்த டியூப்லைட், நாள் கடந்த மாத்திரை, பூச்சிமருந்து டப்பா இதையெல்லாம் குப்பையோடு கலக்காமல் தனியாக வாங்கப் போகிறீர்கள். எது எந்தப் பையில் என்று உங்கள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். உங்கள் பைக்கு வராமலே வீட்டில் தங்கிவிடுகிற பொருளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். எழுபதுகளில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் என் சைக்கிளுக்குப் பழக்கம். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது, திருவிழாக் கடைகளில் ஈ மொய்த்த பலகாரத்தைக் கொட்டச் சொல்லி வசவு வாங்குவது, இதுதான் உத்தியோகம். ஊர்க்காரர்கள் எனக்கு 'பிளீச்சிங்' என்றே பேர் வைத்திருந்தார்கள். "பிளீச்சிங் வருது, கொடத்த மூடுடி" என்று பெண்கள் சொல்வது என் காதில் விழும். கோபம் வரும். ஆனாலும் குடத்தை மூடுகிறார்களே என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷங்களில்தான் புது ரக நெல் வந்தது. நெல்லோடு பூச்சி வந்தது, பூச்சியோடு மருந்து வந்தது. மருந்து வந்த டின் இருக்கிறதே, அதுதான் கிராமத்து ஜனங்களுக்குக் கண்கொள்ளாக் காட்சி. கெட்டித் தகரம், இறுகத் திருகும் மூடி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒழுகாது. அப்படி ஒரு பாத்திரத்தை விலை கொடுத்து வாங்க அவர்களால் ஆகாது. சாணித் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், புளியும் மணலும் போட்டுக் குலுக்குவார்கள், வெயிலில் காய வைப்பார்கள். வாய் சின்னது, கை உள்ளே போகாது. நாற்றம் போனால் விஷம் போச்சு என்பது ஊர்க் கணக்கு. அப்புறம் அதில் மண்ணெண்ணெய் இருக்கும், நல்லெண்ணெய் இருக்கும், விதை இருக்கும்.

எங்கள் மேலதிகாரி ஒருவர் ஒரு கிராமத்தில் மைக் வைத்து, டின்னைப் புழங்காதே, புழங்கினால் சாவு என்று தொண்டை கிழியப் பேசினார். பேசி முடித்ததும் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டில் அவருக்கு டீ வந்தது. சர்க்கரையைச் சரித்துப் போட்டது எந்த டின்னிலிருந்து என்று நான் பார்த்துவிட்டேன். அவர் குடித்து முடிக்கும் வரை சொல்லவில்லை, ஏனென்றால் நானும் குடித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இந்தப் பொருளின் குணம். பத்து வீட்டில் ஒன்றும் ஆகாது. பதினோராவது வீட்டுக்காரனிடம் போய்ப் பத்து வீட்டைக் காட்டுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்தைக் கொடுப்பதற்கு ஆள் இருந்தார்கள். காலி டின்னைத் திரும்ப வாங்க ஒரு ஆளும் கிடையாது. கொடுத்தவன் வாங்கிக்கொள்ளாத பொருளை ஏழை தூக்கி எறிவான் என்று எதிர்பார்ப்பது நம் புத்தியில் உள்ள கோளாறு.

இனி நான் சொல்ல வந்தது.

கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். பேர் வேண்டாம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பாதிப் பேர் மாதா கோயில்காரர்கள். சவரிராஜ் என்று ஒருவன், பெரிய பண்ணையில் மருந்து அடிக்கிற ஆள். அவன் மனைவி பிலோமின். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், இரண்டாவது முறை அவள் உண்டாகியிருந்தாள்.

ஈஸ்டர் கழிந்து வில்லியனூர் மாதா கோயிலில் திருவிழா நடக்கும். கோயில் குளத்துத் தண்ணீரை மொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். மாதா கோயில்காரர்கள் மட்டும் இல்லை, எங்களைப் போன்றவர்களும் எடுத்துப் போவோம். முந்தின வருஷம் சவரிராஜ் மண்கலயத்தில் மொண்டு நடந்து வந்தான். வழியில் கல் தடுக்கிக் கலயம் உடைந்தது. அந்த மாதமே பிள்ளை போயிற்று. உடைந்த கலயத்தால்தான் போயிற்று என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. இந்த வருஷம் உடையாத பாத்திரம் தேடினான். பண்ணையில் கேட்டு ஒரு நல்ல டின்னை வாங்கி, அவன் அறிந்த மட்டும் கழுவினான். மேலே இருந்த காகிதத்தைச் சுரண்டினான். சுரண்டி வராத இடத்தில் மாதா படம் ஒன்றை மாவுப் பசை தடவி ஒட்டினான். குளத்தில் மொண்டு, மூடியைச் சுற்றி நேர்த்திக்கடன் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் வீடு கொண்டு வந்து சேர்த்தான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்தது மாட்டு வண்டி ஒன்று சுகாதார நிலையத்துக்குள் வந்து நின்றதுதான். பிலோமின் வண்டிக்குள் சுருண்டு கிடந்தாள். வாந்தி, பேதி. கோடைக்காலம், திருவிழா முடிந்த சமயம். காலரா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கிணற்றைப் பார்க்க நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பார். எனக்குத் தொழில் தெரியும் என்றால் பாதி அவரிடம் கற்றதுதான்.

பிலோமினின் இமையைத் தூக்கிக் காட்டினார். கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கி இருந்தது. வாயில் எச்சில் வழிந்தபடி இருந்தது, உடம்பு வேர்வையில் நனைந்து, கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. "காலரா இல்ல. பூச்சிமருந்து" என்று ஊசியை எடுத்தார்.

பிறகு நம் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"என்னப்பா சாப்பிட்டா? என்ன குடிச்சா?"

"கஞ்சிதான் டாக்டரம்மா. வூட்ல எல்லாரும் அதத்தான் குடிச்சோம்" என்றான் சவரிராஜ்.

மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. மருந்து அடிக்கிறவன் வீடு. பிள்ளையைப் பறிகொடுத்த பெண். எல்லோருக்கும் ஒரே முடிவுதான் வந்தது. அவளே குடித்துவிட்டாள். சேதி கேட்டு ஓடி வந்த அவள் அண்ணன் சவரிராஜின் சட்டையைப் பிடித்தான். "என் தங்கச்சிய இன்னாடா பண்ணீங்க? மருந்து குடிக்கற அளவுக்கு இன்னா பண்ணீங்க?"

ஊசி வேலை செய்தது. சாயந்தரம் அவளுக்குப் பேச்சு வந்தது. "நான் எதுவும் குடிக்கல. என் வயித்துல கீற புள்ள மேல சத்தியம்" என்றாள். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று நர்சம்மா என்னிடம் மெல்லச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று நாங்கள் மூச்சு விட்டோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாயில் நுரை, மறுபடி துடிப்பு. மறுபடி ஊசி. தேறுவாள், விழுவாள். டாக்டரம்மாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "இங்கேயே எங்கேயோ வெச்சிருக்கா. தேடுங்க" என்றார். தலையணையை உதறினார்கள், பாயைச் சுருட்டிப் பார்த்தார்கள், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் காட்டினாள். தலைமாட்டில் ஜெபமாலையும் மாதா படம் ஒட்டிய தீர்த்தமும் இருந்தன. தேடிய ஆயாம்மா அதை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே பயபக்தியோடு வைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பிற்பகல் பிலோமின் இறந்தாள். பிள்ளையும் அவளோடு போயிற்று.

சவரிராஜ் அழவில்லை. பாயைச் சுருட்டினான், செம்பை எடுத்தான், எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டை கட்டினான். கை நிறைந்துவிட்டதே என்று டின்னை நான் தூக்கினேன். தூக்கியவுடன் கைக்குத் தெரிந்துவிட்டது. இதே மாதிரி டின்னைக் கூட்டத்துக்குக் கூட்டம் காட்டி இதைப் புழங்காதே என்று சொன்னவன் நான். மூடியில் ஒட்டியிருந்த மெழுகை விலக்கித் திருகி மோந்து பார்த்தேன். மெழுகு வாசனைக்கு அடியில் அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றம்.

"இது இன்னாப்பா?" என்றேன்.

"மாதா தண்ணி சார். வில்லியனூர்லேந்து அவளுக்கோசரம் கொண்டாந்தன்."

"அவளுக்குக் குடுத்தியா?"

"வூட்ல காலைல ஒரு வாய், சாயந்தரம் ஒரு வாய். இங்க வந்தப்புறம் அடிக்கடி குடுத்தன். அதுதான் அவள இழுத்துப் புடிச்சிகினு இருக்குதுன்னு நெனச்சன் சார்."

"டாக்டரம்மா கேட்டாங்களே, என்ன குடிச்சான்னு."

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "அது குடிக்கறதா சார்? அது தீர்த்தமாச்சே."

பிள்ளைகளே, அவன் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குள் தீர்த்தம் வரவில்லை, அவ்வளவுதான். தாகத்துக்குக் குடிப்பது வேறு, சாமிக்கு முன்னால் வாங்கிக்கொள்வது வேறு. அது அவளுக்காக மட்டும் நேர்ந்த தண்ணீர் என்பதால் வீட்டில் வேறு யாரும் தொடவில்லை. அதனால்தான் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் கூடக் கூட அவன் கூடக் கொடுத்தான். டாக்டரம்மா ஊசியால் இந்தப் பக்கம் இழுக்க, அவன் பக்தியால் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறான்.

டின்னை டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். மோந்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியில் போலீஸ்காரர் தற்கொலை என்று எழுதிக்கொண்டிருந்தார். பிரேதப் பரிசோதனைக்கு வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. பரிசோதனையில் வயிற்றில் மருந்து இருந்தது என்று வரும். எப்படி வந்தது என்று வராது. அந்தக் காலத்தில் மாதா கோயில்காரர்களில் தானாக உயிரை விட்டவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க விடமாட்டார்கள். மதிலுக்கு வெளியே, மந்திரம் இல்லாமல், மணி அடிக்காமல் புதைக்க வேண்டும்.

"சொல்லலன்னா அவ வெளியில கிடப்பா. சொன்னா இவன் இருக்க மாட்டான்" என்றார் டாக்டரம்மா. அப்புறம் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன். "முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. போலீசுக்கு முன்னாடி, சாமியாருக்கு முன்னாடி. ஊர் சொல்லி அவன் தெரிஞ்சிக்கக் கூடாது. சொன்ன பிறகு அவனைத் தனியா விடாதீங்க. அவன் வீட்ல இருக்கற மருந்தை எல்லாம் நீங்க எடுத்துட்டு வந்துடுங்க."

மறுநாள் உடல் ஊருக்கு வந்தபோது டின்னை எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். கல்லறை மதிலுக்கு வெளியே, மேட்டில், கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்கு இருந்த தயக்கம் போய்விட்டது. நானும் அவளை நம்பாதவன்தானே. எல்லோருமாகச் சேர்ந்து அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தோமே.

சவரிராஜை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தண்ணீரில் குற்றம் இல்லை, டின்னில் மருந்து ஒட்டியிருந்தது, அதுதான் அவளைக் கொன்றது என்றேன். அவன் டின்னை என் கையிலிருந்து வாங்கி மோந்தான். நாள் முழுக்க மருந்து அடிக்கிறவன் மூக்கு, அதற்கு அந்த நாற்றம் எப்போதோ பழகிப்போயிருந்தது.

"எனுக்கு ஒண்ணும் தெரியலியே சார்" என்றான். பிறகு, "அவளுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாதுப்பா."

"மாதா தண்ணின்னுதான குடிச்சா?"

"ஆமா."

"அப்ப சரி" என்று எழுந்தான். "சாமியார்கிட்ட நானே சொல்றன். அவ பேர்ல பழி வாணாம். என் பேர்ல இருக்கட்டும்."

கோயில் வாசலில், ஊர் பார்க்க, அவளுடைய அண்ணனுக்கு முன்னால், அவன் வாயாலேயே சொன்னான். அண்ணன்காரன் கையை ஓங்கி வந்தவன் ஓங்கியபடியே நின்று, அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். பங்குச் சாமியார் டின்னை வாங்கி மோந்து பார்த்தார். உடலோடு வந்திருந்த போலீஸ்காரரையும் மோந்து பார்க்கச் சொன்னார். உபதேசியாரைக் கூப்பிட்டு மணியடிக்கச் சொன்னார். பிலோமினை மதிலுக்கு உள்ளே வைத்தார்கள். டின்னைப் போலீஸ்காரர் சாட்சிக்கு எடுத்துப் போனார்.

அத்தோடு முடியவில்லை. நம் தொழிலில் அறியாமை ஒரு ஆபத்து என்றால் அறிந்ததும் வருகிற பயம் இன்னொரு ஆபத்து. அடக்கம் முடிந்து திரும்பிய ஜனங்கள் அவரவர் வீட்டில் இருந்த மருந்து டின்னையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கே? ஊர்க் குளத்துக்கு! பாதி மருந்து இருந்த டின்களும் அதில் இருந்தன. ஊர் மாடு அந்தக் குளத்தில்தான் குடிக்கும், குடிதண்ணீர்க் கிணறும் கரையில்தான் இருந்தது. நான் கரையில் நின்று கையை விரித்துக்கொண்டு கத்தினேன். "இன்னா சார், வூட்ல வெக்காதன்றீங்க, தூக்கிப் போடாதன்றீங்க, வேற எங்க போறது?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அரசாங்கத்திடம் அதற்குப் பதில் இல்லை.

குழி வெட்டியவர் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். "அந்தக் குழி சும்மாதான கீது சார்" என்றார்.

மேடான இடம், தண்ணீருக்கு வெகு தூரம். பிலோமினுக்காக வெட்டிய குழியில் ஊர் டின்களைப் போட்டோம். ஒவ்வொன்றையும் ஆணி வைத்து ஓட்டை அடித்தபிறகு போட்டோம், யாரும் தோண்டி எடுத்துப் புழங்கக் கூடாதே. மேலே சுண்ணாம்பு கொட்டி மண்ணைத் தள்ளினோம். ஆணி அடித்தது சவரிராஜ். வேண்டாம், நீ போய் உட்காரு என்றால் கேட்கவில்லை. மண்ணில் புதைப்பது தப்பு என்று இன்றைக்கு உங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். சரியான பாடம்தான். அன்றைக்குக் குளத்துக்கும் குழிக்கும் நடுவில் நின்றவனுக்கு வேறு வழி இல்லை. அந்த இடத்தில் ஏதாவது கட்டுவதற்கு முன்னால் தோண்டிப் பாருங்கள் என்று ஓய்வு பெறும் வரை சொல்லிவந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சவரிராஜ் அப்புறம் மருந்து அடிக்கப் போகவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கொஞ்ச காலம் அவன் அண்ணன் தம்பிகள் அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. பிறகு எனக்கு மண்ணாடிப்பட்டுப் பக்கம் மாற்றல் வந்தது, தொடர்பு விட்டுப்போயிற்று.

சில வருஷம் கழித்து வில்லியனூர் திருவிழாவுக்குப் போனேன். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, மாதா தண்ணீர் கொண்டு வா என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருந்தாள். குளத்துப் படியில் ஒரே நெரிசல். படியின் ஓரத்தில் தாடி வைத்த ஒருத்தன் உட்கார்ந்து, இறங்குகிறவர்களை மறித்து மறித்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். பிச்சைக்காரன் என்றுதான் நினைத்தேன். சிலர் காசு கூட எடுத்தார்கள். அவன் காசை வாங்கவில்லை. குடம், பாட்டில், தூக்கு, எது கையில் இருந்தாலும் வாங்கி, பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் மோந்து பார்க்கக் கொடுத்தான். அவள் தலையாட்டினால் திருப்பித் தந்தான்.

ஒரு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், மாதா தண்ணில போயி இன்னாய்யா வாசன பாக்குற? பைத்தியமா நீ?"

"தண்ணிய இல்லம்மா" என்றான். "எதுல மொண்டுகினு போறன்னு பாக்குறன்."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்ததா என்று சொல்லமுடியவில்லை. என் முறை வந்ததும் பாட்டிலை நீட்டினேன். வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"உனுக்கு மூக்கு இல்லியாப்பா?" என்று பின்னால் இருந்து யாரோ கிண்டல் செய்தார்கள். சிரிப்பு கிளம்பியது.

"எனுக்குத் தெரியாதுங்க" என்றான் சவரிராஜ். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்குது, போய் மொண்டுக்கோ சார்" என்று அடுத்தவர் பக்கம் கையை நீட்டினான்.